கூடிக் கதை புனைதலும் ஆங்கில எழுத்துப் பயிற்சியும்

அயன்மொழியில் எழுதப் புகும் மாணாக்கரைத் தடுப்பது, சொல்வறுமையினும் பிழையச்சமே யாகும். கணியம்பாடிச் சிறாரும் இதற்கு விலக்கல்லர். இவ்வச்சத்தை நீக்கக் கூடிக் கதை புனைதல் நல்லதொரு வழியாம். பிரதம் புக்ஸ் நிறுவனத்தார் 2015ஆம் ஆண்டில் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்னும் இணையத்தளத்தில், எவரும் எடுத்தாளத்தக்க படங்களும் கதைகளும் விலையின்றிக் கிடைக்கின்றன. நால்வர் ஒரு குழுவாகிப் படங்களைத் தேர்ந்து, கதைப்போக்கை முதற்கண் தமிழில் உசாவித் துணிக. பின்னர் ஒவ்வொருவரும் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதுக. நேற்று நிகழ்ந்த கதையை ஒருவர் இறந்தகாலத்திலும் மற்றொருவர் நிகழ்காலத்திலும் எழுதின், பக்கங்கள் ஒட்டா. இலக்கணத்தின் பயன் அப்பொழுதே விளங்கும். வல்லார் ஒருவரே முழுவதும் எழுதிவிடுதல் இம்முறைக்கு நேரக்கூடிய கேடு. ஆதலின், பக்கங்களைத் தம்முள் மாற்றித் திருத்துதல் இன்றியமையாதது. பிழை பலர்க்கும் பொதுவாயின் நாணம் அகலும். நாணம் அகன்ற கை தானே எழுதும்.