பழைய ரிவால்வரைப் பார்க்கும் முறை

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு. நம் மேஜைக்கு அதிகம் வருவது கான்பூரில் செய்த .32 ரிவால்வர். பழைய வெப்லி மாதிரி, நடுவில் மடங்கித் திறப்பது. அதை வைத்தே சொல்கிறேன்.

1. கொண்டுவந்தவர் "காலிதான்" என்று சத்தியமே செய்தாலும் திறந்து பார். ஆறு அறையையும் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார். சோதனை முடியும்வரை அந்த மேஜையில் ஒரு ரவைகூட இருக்கக் கூடாது. குழல் எப்போதும் மணல் பெட்டியைப் பார்த்தபடியே இருக்கட்டும்.

2. லைசென்ஸில் உள்ள எண்ணும் ஃபிரேமில் அடித்த எண்ணும் ஒன்றுதானா? ஓர் இலக்கம் மாறினாலும் வேலையைத் தொடாதே.

3. பளபளப்பை நம்பாதே. அடித்த எழுத்துகள் மங்கி, விளிம்புகள் மழுங்கி, மேலே நீலப் பூச்சு மட்டும் புதிதாக இருந்தால், துருவை ராவி எடுத்து மறைத்திருக்கிறார்கள். ஸ்க்ரூ தலைகள் சிதைந்திருந்தால், தெரியாத கை உள்ளே புகுந்திருக்கிறது.

4. இதுதான் முக்கியம், நிதானமாகக் கேள். ஹேமரைக் கட்டை விரலால் மெல்லப் பின்னுக்கு இழு. அதே நேரம் இன்னொரு கையின் விரலை சிலிண்டர் மேல் லேசாக வைத்துத் தடை கொடு. வேகமாக இழுத்தால் சிலிண்டர் தன் ஓட்டத்திலேயே போய் நின்றுவிடும், தேய்மானம் தெரியாது. ஹேமர் கொக்கியில் நிற்கும்போது சிலிண்டரும் தன் இடத்தில் பூட்டியிருக்க வேண்டும். பிறகு டிரிகரை அழுத்தி ஹேமரை விரலால் தாங்கி இறக்கு. டிரிகரை விடாமலே சிலிண்டரை ஆட்டிப் பார்.

இதை ஆறு அறைக்கும் செய். சாக்பீஸால் ஒவ்வொன்றுக்கும் அடையாளம் வை. தொழில் பழகிய காலத்தில் நான் மூன்று அறையைப் பார்த்துவிட்டு "சரி" என்று கொடுத்த ஒரு ரிவால்வரில், ஐந்தாவது அறை மயிரிழை அளவு பின்தங்கி நின்றது. சுட்டபோது குண்டு குழல் வாயில் உரசி, சீவிய ஈயம் பக்கவாட்டில் தெறித்து, அருகில் நின்றவர் கன்னத்தைக் கிழித்தது. கண் தப்பியது. அந்த ரத்தத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

5. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவில் ஃபீலர் கேஜ் விடு. ஆறு தௌ (அங்குலத்தின் ஆயிரத்தில் ஆறு பங்கு) அளவில் இருந்தால் நல்லது. பத்தைத் தாண்டினால் யோசி. சிலிண்டரை முன்னே தள்ளி ஒருமுறை, பின்னே தள்ளி ஒருமுறை அள. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் முன்பின் ஆட்டம்.

6. கைப்பிடியை ஒரு கையிலும் குழலை மறு கையிலும் பிடித்து முறுக்கிப் பார். கீல் ஆடினாலும், மேலே உள்ள கொக்கி தளர்ந்திருந்தாலும் சுடத் தகாது.

7. ஹேமரைக் கொக்கியில் நிறுத்திவிட்டு, டிரிகரைத் தொடாமல் பின்னாலிருந்து கட்டை விரலால் அமுக்கு. விழுந்தால் உள்ளே கொக்கி தேய்ந்திருக்கிறது, அல்லது யாரோ அரம் போட்டிருக்கிறார்கள். பிறகு ஹேமரைத் தாங்கி இறக்கு. டிரிகரை விட்டதும் ஹேமர் கொஞ்சம் பின்வாங்கி நிற்க வேண்டும். அமுக்கினால் ஊசி முன்னே வரக் கூடாது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்றில் கைதவறி விழுந்த ரிவால்வர் வெடித்து ஒரு மாலுமி இறந்தார். அதன் பிறகுதான் அதைச் செய்த ஸ்மித் அண்ட் வெசன் கம்பெனி தன் ஹேமர் தடுப்பையே மாற்றி அமைத்தது.

8. குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார். நடுவில் கறுப்பு வளையம் தெரிந்தால், முன்பு ஒரு குண்டு சிக்கி அதன் பின்னால் இன்னொன்று சுட்டிருக்கிறார்கள். குழல் உள்ளே வீங்கிவிட்டது. வேண்டாம் என்று சொல்லிவிடு.

9. எல்லாம் சரியாக இருந்தால் ரேஞ்சுக்குப் போ. கண்ணாடி போட்டுக்கொண்டு, அறைக்கு ஒரு ரவையாக ஆறையும் தனித்தனியாகச் சுடு. காலி ஓடுகளை வரிசையாக வைத்து, ஊசிக்குழி நடுவில் விழுந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்.