கல்யாண நாளைக் காப்பாற்றி வையுங்கள்

புதுசாக மணம் முடித்த பிள்ளைகளுக்கு,

உங்கள் கல்யாணத்துக்கு யார் வந்தார்கள், யார் பந்தி பரிமாறினார்கள் என்பது இப்போது உங்களுக்கே சரியாக நினைவிருக்காது. எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது. அந்த ஒரு நாளுக்கு எத்தனை பேர் உழைத்தார்கள் என்பது வருஷங்கள் போகப் போகத்தான் புரிந்தது. அதனால் சொல்கிறேன்:

1. மொய் நோட்டைப் பத்திரமாக வையுங்கள். ஐம்பது ரூபாய் எழுதியவர் வீட்டு விசேஷத்துக்கும் தவறாமல் போங்கள். மொய்யைக் கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்வதுதான் முறை. நேரில் போய் நிற்பது அதைவிடப் பெரிய முறை.

2. போட்டோவில் இருப்பவர்களின் பெயரையும் உறவையும் பெரியவர்களிடம் கேட்டு இப்போதே எழுதி வையுங்கள். இருபது வருஷம் கழித்துக் கேட்டால், சொல்ல ஆள் இருக்காது.

3. திருமணத்தைப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும். பிந்தினால், கூடுதல் கட்டணத்தோடு 150 நாள் வரை பதியலாம். பிற்காலத்தில் பென்ஷனுக்கு அந்தச் சான்றிதழ் கைகொடுக்கும்.

4. சீதன நகை பெண்ணுடைய சொத்து. உச்ச நீதிமன்றம் 1985-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. கல்யாணக் கடனை அடைக்க அவள் நகையில் கைவைக்காதீர்கள். கடனை இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டு அடையுங்கள்.

5. கல்யாணத்தன்று அருந்ததி பார்க்கச் சொல்லிப் பகலில் புரோகிதர் கைகாட்டிய பக்கம் பார்த்துத் தலையாட்டியிருப்பீர்கள். சித்திரை மாத இரவில் மொட்டைமாடிக்குப் போய் வடக்கே பாருங்கள். சப்தரிஷி மண்டலத்தின் வாலில் நடுவில் இருப்பவர் வசிட்டர். அவரை ஒட்டி மங்கலாகத் தெரிபவள் அருந்ததி. சேர்ந்து தேடுங்கள்.

6. மாப்பிள்ளை வீட்டாரை யாரும் வாங்க என்று கேட்கவில்லை, கடைசிப் பந்திக்குப் பாயசம் போதவில்லை என்ற வழக்கெல்லாம் எல்லாக் கல்யாணத்திலும் உண்டு. அதை வருஷா வருஷம் கிளறாதீர்கள். கிளறுகிறவர் சொந்த அம்மாவாகவே இருந்தாலும் பேச்சை மாற்றிவிடுங்கள்.

7. அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போகலாம். எழுபதில் பீமரத சாந்தி, எண்பதில் சதாபிஷேகம் என்று இன்னும் இருக்கின்றன. ஆனால் உங்கள் முதல் கல்யாணத்தில் ஆசீர்வதித்த பெரியவர்களில் பலர் அதற்கெல்லாம் இருக்க மாட்டார்கள். மறுவீட்டு விருந்து முடிந்த கையோடு, அவர்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஒரு நடை போய்வாருங்கள்.