மணலுக்கும் எல்லை உண்டு

எண்ணில் அடங்காதவற்றிற்கு மணலை உவமை கூறுதல் பண்டைத் தமிழர் மரபு. நெட்டிமையார் என்னும் சங்கப் புலவர் பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பஃறுளியாற்று மணலினும் மிகுந்த காலம் வாழுமாறு வாழ்த்தியதைப் புறநானூற்றில் காண்கிறோம். அவ்வாறு அளவிறந்ததாகக் கருதப்பட்ட மணலுக்கு இன்று உலகெங்கும் தட்டுப்பாடு தோன்றியுள்ளது.

வீடும் பாலமும் அணையும் கான்கிரீட்டால் எழுகின்றன. அக்கான்கிரீட்டின் பெரும்பகுதி மணலும் சரளைக்கல்லுமே ஆகும். கண்ணாடியும் மணலினின்றே ஆக்கப்படுகிறது. மக்கள் ஆண்டுதோறும் ஏறத்தாழ 5,000 கோடி டன் மணலும் சரளையும் பயன்படுத்துவதாக ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2022-ஆம் ஆண்டில் மதிப்பிட்டது. நீருக்கு அடுத்தபடியாக மாந்தர் மிகுதியாகப் பயன்படுத்தும் இயற்கைப் பொருள் இதுவே.

‘பாலைவனத்தில் மணல் குன்றுகுன்றாகக் கிடக்கின்றதே, அதனை அள்ளிக்கொள்ளலாகாதோ?’ எனச் சிலர் வினவலாம். அம்மணல் கட்டடத்திற்கு ஏற்றதன்று. காற்றால் அலைப்புண்டு தேய்ந்தமையால் அதன் துகள்கள் நுண்ணியனவாயும் வழுவழுப்பாயும் உள்ளன. ஆற்று மணலோ பருமையும் சொரசொரப்பும் உடையது. ஆதலின் அது சிமிட்டியோடு இறுகப் பிணைகிறது.

சிங்கப்பூர் 1965-ஆம் ஆண்டில் தனிநாடானபோது அதன் பரப்பு ஏறத்தாழ 580 சதுர கிலோமீட்டர். கடலைத் தூர்த்து நிலமாக்கியதால் இன்று அது 730 சதுர கிலோமீட்டருக்கும் மேலாக விரிந்துள்ளது. அதற்கு வேண்டிய மணலில் பெரும்பங்கு அயல்நாடுகளிலிருந்து வந்தது. ஆறும் கடற்கரையும் கெடுதலைக் கண்ட இந்தோனேசியா 2007-இலும், கம்போடியா 2017-இலும் மணல் ஏற்றுமதிக்குத் தடை விதித்தன. ஒரு நாட்டின் நிலம் வளர மற்றொரு நாட்டின் கரை தேய்தல் முறையாகுமோ?

மலைப்பாறை வெயிலாலும் மழையாலும் சிதைந்து, ஆற்றில் உருண்டு, மணலாவதற்கு நெடுங்காலம் செல்லும். அப்படுகை வெறும் மணற்பரப்பு அன்று. நீரைத் தன்னுள் தேக்கிவைக்கும் களஞ்சியம். கோடையில் வறண்ட பாலாற்றிலும் ஊற்றுத் தோண்டி மக்கள் நீர் முகந்தது அதனாலன்றோ? மணலை வரைவின்றி அகழ்ந்தால் படுகை தாழும், கிணறுகள் வற்றும், பாலத்தூண்களின் அடித்தளம் வெளிப்படும், கழிமுகத்தில் உவர்நீர் உட்புகும்.

இக்கேட்டைத் தவிர்க்க வழிகள் உள்ளன. கருங்கல்லைப் பொடித்துச் செயற்கை மணல் செய்யலாம். இடித்த கட்டடங்களின் கான்கிரீட்டை நொறுக்கி மீண்டும் பயன்படுத்தலாம். எல்லாவற்றினும் மேலாக, வேண்டிய அளவுக்கே கட்டிப் பழகலாம்.

வெள்ளம் ஆண்டுதோறும் கொணரும் மணல் வட்டி போன்றது. படுகையிற் கிடக்கும் மணலோ முதல். வட்டியோடு நில்லாது முதலையும் உண்பவன் மக்களுக்கு வைத்துச் செல்வது வறுமையே ஆகும்.