மண்ணுக்கும் மாற்றம் வேண்டும்

பஞ்சாப் நாட்டுக்கே உணவு தரும் மாநிலம். அங்கே கால்வாய்ப் பாசனம் உண்டு. குழாய்க் கிணறுகளும் ஏராளம். தண்ணீர் இருந்தால் மட்டும் போதுமா? மண் நன்றாக இருக்குமா?

முன்பு அங்கே கோதுமை, கொண்டைக்கடலை, மக்காச்சோளம், பருத்தி என்று மாற்றி மாற்றிப் பயிரிட்டார்கள். 1960-களில் புதிய விதைகள் வந்தன. விளைச்சல் பெருகியது. நெல்லையும் கோதுமையையும் அரசு உறுதியான விலைக்கு வாங்கியது. பெரும்பாலான உழவர்கள் அந்த இரண்டை மட்டுமே பயிரிடத் தொடங்கினார்கள்.

மண்ணுக்கு என்ன ஆனது?

நெல் நட, வயலில் தண்ணீர் கட்டிச் சேற்றுழவு செய்கிறார்கள். இது நெல்லுக்கு நல்லது. ஆனால் ஆண்டுதோறும் செய்தால், சுமார் ஒரு சாண் ஆழத்தில் மண் இறுகிவிடும். தளம் போட்டதுபோல் ஆகிவிடும். அடுத்து வரும் கோதுமையின் வேர் ஆழமாக இறங்காது. பாய்ச்சிய தண்ணீர் தேங்கும். வேருக்குக் காற்று கிடைக்காது. பயிர் மஞ்சளாகும்.

நெல் அறுத்ததும் கோதுமை விதைக்க இரண்டு, மூன்று வாரமே இருக்கும். அதனால் பலர் வயலில் நிற்கும் தாளுக்குத் தீ வைக்கிறார்கள். தாளில் உள்ள தழைச்சத்து புகையாய்ப் போகிறது. மேல்மண்ணில் வாழும் நுண்ணுயிர்களும் மடிகின்றன.

என்ன செய்யலாம்?

உழாமலே விதைக்கலாம். இதற்கு ‘ஹேப்பி சீடர்’ என்ற கருவி உள்ளது. அதை டிராக்டரில் பூட்டி ஓட்டுகிறார்கள். அது தாளை வெட்டிக் கோதுமையை விதைக்கும். வெட்டிய தாளை மண்மேல் மூடாக்காகப் பரப்பும். ஈரம் காயாது. களை குறையும். தாள் மக்கி உரமாகும். கூட்டுறவுச் சங்கங்களில் இக்கருவி வாடகைக்குக் கிடைக்கிறது.

கோதுமை அறுப்பு ஏப்ரலில் முடியும். நெல் நடவு ஜூனில் தொடங்கும். இடையில் பாசிப்பயறு போடலாம். இரண்டு மாதத்தில் காய் பறிக்கலாம். அதன் வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதாலும் மண் வளம் பெறும்.

சில ஆண்டுகள் நெல்லுக்குப் பதில் மக்காச்சோளம் போடலாம். அதற்குச் சேற்றுழவு தேவையில்லை. தண்ணீரும் குறைவாகவே போதும்.

ஆனாலும் உழவர்கள் தயங்குகிறார்கள். காரணம் உண்டு. நெல்லைப் போல மக்காச்சோளத்துக்கு உறுதியான விற்பனை இல்லை. கடன் வாங்கிப் பயிர் செய்பவர் எப்படித் துணிவார்? நல்ல விலையும் கிடைத்தால்தான் பயிர் மாறும். அதுவரை ஒரு ஏக்கரில் மட்டும் மாற்றிப் பார்க்கலாம். ஒரு ஏக்கர் நட்டத்தைத் தாங்கலாம். மண் கெட்டால் தாங்க முடியாது.

சொல்லுங்கள் பார்க்கலாம்

1. கோதுமையின் வேர் ஏன் ஆழமாக இறங்கவில்லை?
2. தாளை எரித்தால் எதை இழக்கிறோம்?
3. உங்கள் ஊரில் எந்தப் பயிருக்குப் பின் எந்தப் பயிர் போடுகிறார்கள்? ஏன்?