தொட்டிக்கு முன்னால் மாட்டுங்கள்

செய்யூர் உப்பளங்களை ஒட்டி, கரண்ட் கனெக்‌ஷன் இல்லாமல் சோலாரை நம்பி வீடு கட்டுகிறவர்களுக்குச் சொல்கிறேன். போர் தண்ணீரின் கடினத்தன்மையை எடுக்க எந்தக் கம்பெனி சாஃப்ட்னர் வாங்கலாம் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அதை எங்கே மாட்டப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

எங்கள் டீலர் அதை மேல்நிலைத் தொட்டிக்குக் கீழே, வீட்டுக்குள் போகும் குழாயில் மாட்டினார். டவுனில் அது சரிப்படும். சோலார் வீட்டில் சரிப்படாது. பத்தடி உயரத் தொட்டியிலிருந்து கிடைப்பது 0.3 கிலோ பிரஷர்தான். சாஃப்ட்னரின் ரெசின் சிலிண்டரோ ஒன்றரை, இரண்டு கிலோ கேட்கும். அதனால் ஒரு பிரஷர் பம்பையும் சேர்த்து எங்கள் தலையில் கட்டினார். குழாயைத் திறந்தால் பம்ப் ஓடும். ஓடத் தொடங்கும் நொடியில் மோட்டார் பல மடங்கு கரண்ட் இழுக்கும், இன்வெர்ட்டர் கீச்சென்று கத்திவிட்டு நின்றுவிடும். ராத்திரி ஒருவர் எழுந்து கை கழுவினால் வீடு முழுக்க இருட்டு. "பேட்டரியைக் கூட்டுங்க சார்" என்றார் அவர். அதற்கும் அவரிடமே விலை கேட்க வேண்டுமாம்! கோளாறு பேட்டரியில் இல்லை, அவர் மாட்டிய இடத்தில் இருந்தது.

பிளம்பரை வைத்துக் கழற்றி, போர் மோட்டாருக்கும் தொட்டிக்கும் நடுவில் மாட்ட வைத்தேன். வெயில் நேரத்தில் சோலார் மோட்டார் ஏற்றுகிற தண்ணீர் ரெசின் வழியாகவே தொட்டிக்குப் போகிறது. பிரஷர் பம்ப் தேவையே இல்லை. மோட்டார் வாங்கும்போதே 20 மீட்டர் ஹெட் கூடுதலாகக் கேளுங்கள். இரண்டு கிலோ பிரஷருக்கு அதுதான் கணக்கு.

ரெசினைக் கழுவும் வால்வு கையால் திருப்புவதே போதும். "ஆட்டோமேட்டிக் வாங்கியிருக்கலாம் மாமா" என்று மச்சான் இன்னமும் சொல்கிறான். ஆட்டோமேட்டிக் டைமர் மேகமூட்டத்தைப் பார்க்காது. நான் உச்சி வெயிலில், மோட்டார் முழு வேகத்தில் ஓடும்போது திருப்பிக் கழுவுகிறேன்.

விற்க வருகிறவர் டிடிஎஸ் மீட்டரை முக்கிக் காட்டுவதை நம்பாதீர்கள், அது கடினத்தன்மையைச் சொல்லாது. தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை நல்லது, வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 600 வரை என்கிறது ஐ.எஸ். 10500. அந்த 600-க்கு 25 லிட்டர் ரெசின் சுமார் 2,000 லிட்டர் தண்ணீருக்குத்தான் தாங்கும். அதன்பின் மூன்று, நான்கு கிலோ உப்பு போட்டுக் கழுவியாக வேண்டும்.

பக்கத்து உப்பளத்து மூட்டையை அப்படியே கொட்டாதீர்கள். அதில் மண்ணோடு மக்னீசியமும் கால்சியமும் இருக்கும், எதை எடுக்கிறோமோ அதையே திரும்பப் போடுவதாகிவிடும். சுத்தம் செய்த உப்புதான் வேண்டும். கழுவிய தண்ணீர் தென்னைக்குப் போகக் கூடாது. சாஃப்ட்னரால் கரிப்பும் குறையாது. குடிக்க மழைநீரைப் பிடித்து வையுங்கள்.

விற்க வருகிறவரிடம் "இதற்கு எத்தனை கிலோ பிரஷர் வேண்டும், அது எங்கிருந்து வரும்?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.