அப்பத்தாவின் தங்கப் பல்லும் இரும்பு ஆணியும்

பத்தாம் வகுப்பில் உலோகக்கலவைகள் பாடம். வெள்ளி-வெள்ளீய இரசக்கலவை பல் குழியை அடைக்கப் பயன்படுகிறது என்று சொன்னதும் ஒரு மாணவி எழுந்தாள். "சார், எங்க அப்பத்தா புதுசா தங்கப் பல் கட்டியிருக்காங்க. வாயை மூடினா பழைய அடைப்புல பட்டு, கரண்ட் அடிச்ச மாதிரி சுருக்குங்குதாம்."

வகுப்பே சிரித்தது. "அதெல்லாம் மனப்பிரமைம்மா" என்று சொல்லி நானும் பாடத்தைத் தொடர்ந்தேன். மாலையில்தான் என் தவறு உறைத்தது. இரு வேறு உலோகங்கள், நடுவே உப்புகள் கரைந்த உமிழ்நீர். அது மின்கலம் அல்லவா!

செயல்பாடு

மறுநாள் மூன்று குவளைகளில் ஒரே அளவு உப்புநீர் எடுத்தோம். உப்புத்தாளால் தேய்த்த இரும்பு ஆணியை முதல் குவளையிலும், செம்புக் கம்பி இறுகச் சுற்றிய அதேபோன்ற ஆணியை இரண்டாவதிலும், எவர்சில்வர் கரண்டியை மூன்றாவதிலும் இட்டோம். மாணவர்கள் மூன்று நாள் உற்றுநோக்கிக் குறிப்பெடுத்தனர்.

செம்பு சுற்றிய ஆணியே அதிகம் துருப்பிடித்தது. வினைத்திறன் மிகுந்த இரும்பு எலக்ட்ரான்களை இழந்து அரிபடுகிறது, செம்பு காக்கப்படுகிறது. வாயில் தங்கம் செம்பின் இடத்திலும், இரசக்கலவை ஆணியின் இடத்திலும் இருக்கின்றன. அவை தொடும்போது பாயும் சிறு மின்னோட்டத்தைத்தான் அப்பத்தா உணர்ந்திருக்கிறார்.

கரண்டி ஏன் அப்படியே இருந்தது?

எங்கள் மணமேல்குடி கடலோரப் பிள்ளைகளுக்கு உப்புக்காற்றில் துருவேறும் இரும்பு புதிதல்ல. கரண்டியும் பெரும்பகுதி இரும்புதான். ஆனால் அதில் கலந்த குரோமியம் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலமாகி உலோகத்தைக் காக்கிறது. கீறல் விழுந்தாலும், ஆக்சிஜன் இருந்தால் படலம் மீண்டும் உருவாகும். குழந்தைகளின் பால் பற்களுக்கு எவர்சில்வர் உறை போடுவதும் இதனால்தான்.

வாயில் இன்னொரு சிக்கல் உண்டு: மெல்லும்போது உராய்வு. படலம் தேய்ந்த இடத்தில் அரிமானம் தொடங்குகிறது. அரித்த இடம் சொரசொரப்பாகி விரைவில் தேய்கிறது. இப்படி அரிமானமும் தேய்மானமும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. கழற்றி மாட்டும் பல்செட்டின் சட்டத்துக்குக் கோபால்ட்-குரோமியம் கலவை ஏற்றதாக இருப்பது, அது இரண்டையும் தாங்குவதால்தான். ஆனால் உலோகம் அளவுக்கு மீறிக் கடினமாக இருந்தால், எதிரே உள்ள இயற்கைப் பல் தேயும்.

பழைய வகை இரசக்கலவையில் வெள்ளீயமும் பாதரசமும் சேர்ந்த பகுதியே முதலில் அரித்தது. செம்பின் அளவைக் கூட்டி அந்தப் பகுதியைப் பிற்காலத்தில் குறைத்தார்கள்.

கவனம்

இந்தப் பாடத்துக்காகப் பாதரசத்தை வகுப்பறைக்குக் கொண்டுவர வேண்டாம். அதன் ஆவி நச்சு. பாதரசப் பயன்பாட்டைக் குறைக்க 2013-இல் மினமாட்டா உடன்படிக்கை உருவானது. அதேவேளை, பழைய அடைப்பு உள்ளவர்களைப் பயமுறுத்தவும் கூடாது. அதை மாற்றுவதா என்பதைப் பல் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

மதிப்பீடு

1. செம்புக்குப் பதில் துத்தநாகத் தகட்டைச் சுற்றினால் ஆணி என்னவாகும்?
2. இரு வேறு உலோகங்களை அருகருகே வாயில் பொருத்துவதை மருத்துவர் ஏன் தவிர்க்கிறார்?

நான்காம் நாள், "உங்க அப்பத்தா சொன்னதுதான் சரி, நான் சொன்னது தப்பு" என்று வகுப்பின் முன் அந்த மாணவியிடம் சொன்னேன். சுருக்கென்பது தொடர்ந்தால், 2023 முதல் புதுக்கோட்டையில் இயங்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துச் செல்லவும் சொன்னேன். இம்முறை யாரும் சிரிக்கவில்லை. தங்கள் வீட்டுப் பெரியவர்களின் பற்களைப் பற்றி ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள்.