பாவித்த மீன்தொட்டியின் ‘வான்’

குளத்துக்கு வான் இருப்பதுபோல், பாவித்ததாக வாங்கும் சில கண்ணாடித் தொட்டிகளின் மூலையிலும் ஒன்றுண்டு: பல்வெட்டிய ஒரு தடுப்பு, அதன் பின்னே அடியில் ஒரு துளை. வழியும் நீரைக் கீழ்த்தொட்டிக்கு இறக்கி, பம்பியால் மீண்டும் ஏற்றுவதற்காகச் செய்தது. கப்பி வளர்க்கும் நமக்கு அது வேண்டாதது. குஞ்சுகள் பல்லிடுக்கால் நழுவி நீரோடு போய்விடும்.

முதலில் துளையை அடைப்போம். குழாயைக் கழற்றி, பழைய சிலிக்கனைச் சவர அலகால் முற்றாகச் சுரண்டவேண்டும். பழையதன்மேல் புதியது ஒட்டாது. துளையைச் சுற்றி 1 அங்குலமாவது கூடிய கண்ணாடித் துண்டை உட்புறமாக ஒட்டுவோம். பூஞ்சண மருந்து கலந்த சிலிக்கன் மீனுக்கு ஆகாது. இரு கண்ணாடிகளுக்கிடையே அது மெல்லத்தான் காயும். ஒரு கிழமை பொறுப்போம். பின்பு முற்றத்தில், சமமான பலகைமேல் நீர் நிரப்பி 3 நாள் பார்ப்போம்.

தடுப்பைப் பெயர்க்க அவசரமில்லை. துளை அடைபட்டபின் குஞ்சுகள் அதற்குள் ஒதுங்கினால் தாய்மீனுக்குத் தப்பும். ஆனால் அங்கே நீர் தேங்கும். கிழமைக்கொருமுறை அள்ளி மாற்றவேண்டும்.

3 அடி நீளமும் 1½ அடி அகலமும் உயரமுமான தொட்டி நிறைந்தால் நீர் மட்டும் ஏறக்குறைய 190 கிலோ. மண்தரை ஒருபக்கம் தாழ்ந்தாலே மூட்டு விரியும். மீண்டும் இடம்மாற நேர்ந்தால் முற்றாக வடித்த பின்பே தூக்குவோம்.